‘டிட் நாட் வென்ட்’ ஏன் வருகிறது: ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவருக்குக் கைகொடுக்கும் கலைச்சொற்கள்

‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று எழுதும் மாணவருக்கு இலக்கணமே தெரியவில்லை என்று முடிவு கட்டுவது சுலபம். உண்மையில் அவருக்கு இரண்டு விதிகள் தெரிந்திருக்கின்றன. நடந்து முடிந்ததைச் சொல்ல ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆக வேண்டும். இல்லை என்று சொல்ல ‘டிட் நாட்’ வேண்டும். இரண்டையும் சரியாகவே போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாதது மூன்றாவது ஒன்று: அந்த வினைத்தொடரில் காலக்குறி ஒரே ஒரு சொல்லின் மேல்தான் உட்காரும். இதை விளக்க ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. ஆக்ஸிலரி, வகுப்பறைப் பேச்சில் ஹெல்பிங் வெர்ப், தமிழில் துணைவினை. அந்தச் சொல்லும் அதன் பின்னாலுள்ள கருத்தும் இல்லாமல் ‘டிட் நாட் கோ என்று எழுது’ என்று நூறு தடவை திருத்தினாலும் நூற்றியோராவது தடவை ‘வென்ட்’தான் வரும்.

ஒரு கலைச்சொல்லை மாணவரிடம் கொடுக்கலாமா என்பதற்கு இதுவே சோதனை. இதுவா அதுவா என்று பேனா தயங்கும் இடத்தில் முடிவெடுக்க உதவினால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அது ஆசிரியரின் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். ‘ஹானஸ்டி’ என்பது அப்ஸ்ட்ராக்ட் நவுன் என்று வரையறையோடு ஒப்பிக்கும் மாணவருக்கு, அதன் முன்னால் ‘எ’ போடலாமா என்று கேட்டால் பதில் வராது. அன்கவுன்டபிள், அதாவது எண்ண முடியாதது, என்று தெரிந்தவருக்கு உடனே வரும். தொடக்கநிலை வகுப்புக்குப் பன்னிரண்டு சொற்கள் தாராளம்: நவுன், வெர்ப், சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், ஹெல்பிங் வெர்ப், பேஸ் ஃபார்ம், பாஸ்ட் பார்ட்டிசிபிள், ஆர்டிகிள், கவுன்டபிள், பிரிப்போசிஷன், சிலபிள், ஸ்ட்ரெஸ். பெயரையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. விளக்கம் தமிழில் இருந்தால் போதும். பெயர் தமிழில் இருந்து விளக்கம் புரியாத ஆங்கிலத்தில் இருப்பதுதான் பல வகுப்புகளில் நடக்கும் தலைகீழ்க் கூத்து.

சப்ஜெக்ட் ஒரு நாற்காலி

சப்ஜெக்ட் என்றால் எழுவாய், எழுவாய் என்றால் செயலைச் செய்பவர் என்று ஆரம்பிப்பது வழக்கம். முதல் சிக்கல் அங்கேயே விழுகிறது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று தமிழில் அறிபவரும் பசிப்பவரும் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ நோ’, ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ லைக் இட்’ என்று அதே ஆள் சப்ஜெக்ட் இடத்துக்கு வந்துவிடுகிறார். இதில் அவர் என்ன செயலைச் செய்தார்? பசி அவர் செய்ததல்ல. ‘இட் இஸ் ரெயினிங்’ இன்னும் மோசம். அங்கே ‘இட்’ எதையுமே குறிக்கவில்லை. காலி இடத்தில் போட்டுவைத்த துண்டு போன்றது அது.

தமிழில் ‘வந்தான்’ என்றாலே விகுதி ஆளைக் காட்டிவிடும். அதனால் தோன்றா எழுவாய் நமக்கு இயல்பு. ஏவல் வாக்கியத்தைத் தவிர மற்ற இடங்களில் முழு ஆங்கில வாக்கியம் அந்த நாற்காலியைக் காலியாக விடாது. ‘இஸ் வெரி ஹாட் டுடே’ என்று மாணவர் எழுதினால் ‘இட்’டை மறந்துவிட்டாய் என்று சொல்வதைவிட ‘இஸ்ஸுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்?’ என்று கேட்பது பலன் தரும்.

நீண்ட வாக்கியத்தில் சப்ஜெக்ட் எது என்று கண்டுபிடிக்க ஒரு நம்பகமான வழி உண்டு. வாக்கியத்தை ஆம்–இல்லை கேள்வியாக மாற்றுங்கள். துணைவினை எதைத் தாண்டி முன்னால் போகிறதோ அதுதான் சப்ஜெக்ட். ‘த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் ரெடி’ என்பது ‘இஸ் த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ரெடி?’ ஆகிறது. ‘இஸ்’ தாண்டியது ‘த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்’ என்ற முழுத் தொகுதியை. அதன் தலை ‘லிஸ்ட்’, ஒருமை. பக்கத்தில் நிற்கும் ‘நேம்ஸ்’ பன்மையாக இருப்பதைப் பார்த்து ‘ஆர்’ போடும் தப்பு, பெரிய அலுவலகக் கடிதங்களிலும் சர்வசாதாரணம்.

காலக்குறி ஏறும் படி

இனி ‘டிட் நாட் வென்ட்’டுக்குத் திரும்பலாம். தமிழில் ‘போகிறான்’, ‘போனான்’ இரண்டிலும் காலம் தெரிகிறது. எதிர்மறையாக்கினால் இரண்டும் ‘போகவில்லை’ ஆகிவிடுகிறது. காலக்குறி காணாமலே போகிறது. சூழலைப் பார்த்துக் காலத்தைப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அது காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் தமிழிலேயே இரண்டு நிமிடம் சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகு போர்டில் செய்துகாட்ட வேண்டும்.

‘ஷி வொர்க்ஸ்’ என்று எழுதுங்கள். கடைசியிலுள்ள ‘எஸ்’ஸை மட்டும் வேறு நிறச் சாக்பீஸில். இப்போது அந்த ‘எஸ்’ஸை அழித்துவிட்டு நடுவில் ‘டஸ்’ நுழையுங்கள்: ‘ஷி டஸ் வொர்க்’. ‘டஸ்’ஸின் கடைசி ‘எஸ்’ஸை அதே நிறத்தில் எழுதுங்கள். எழுத்து ‘வொர்க்’கிலிருந்து கிளம்பி ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது என்பது கண்ணுக்கே தெரியும். இந்த வாக்கியம் வெறும் கற்பனையும் இல்லை. ‘அவள் வேலையே செய்வதில்லை’ என்று யாராவது சொன்னால் மறுத்து அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஷி டஸ் வொர்க்’ என்பதே வழக்கு. அடுத்து ‘டஸ்’ஸுக்கும் ‘வொர்க்’குக்கும் நடுவே ‘நாட்’. எதிர்மறை தயார். ‘நாட்’டை அழித்து ‘டஸ்’ஸையும் ‘ஷி’யையும் இடம் மாற்றினால் கேள்வி தயார். இதே படியில் ‘வொர்க்ட்’ என்பது ‘டிட் வொர்க்’ ஆகும்; ‘வென்ட்’ என்பது ‘டிட் கோ’ ஆகும். காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டுவிட்டதால் ‘கோ’ வெறும் பேஸ் ஃபார்மாக, காலம் ஏறாத மூல வடிவமாக நிற்கிறது.

பயிற்சிக்கு எட்டு வாக்கியம் போதும். ‘ஈடி’ சேரும் வினை மூன்று, ‘வென்ட்’, ‘ஏட்’, ‘சா’ போல உருமாறும் வினை மூன்று, கடைசியில் ‘பீ’ வினை இரண்டு. ‘பீ’ எதற்கு? அது தானே துணைவினை போல நடந்துகொள்ளும், ‘டூ’வைக் கூப்பிடாது. ‘ஷி இஸ் டயர்ட்’ என்பது ‘ஷி இஸ் நாட் டயர்ட்’ ஆகும். இந்த இரண்டைக் கலக்காவிட்டால் மாணவர் ‘ஷி டஸ் நாட் டயர்ட்’ என்று எல்லாவற்றுக்கும் ‘டூ’ பூச ஆரம்பித்துவிடுவார். ‘ஐ டிட் நாட் டூ இட்’ என்பதில் ‘டூ’ இரண்டு வேடத்தில் வருவதால், அதை முதல் வகுப்பில் தொடவே வேண்டாம்.

இது பிடிபட்ட பிறகு புதிதாக இரண்டு தப்புகள் முளைக்கும். அவை பின்னடைவு இல்லை, விதி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒன்று ‘ஹூ டிட் கேம்?’. கேள்விச்சொல்லே சப்ஜெக்டாக இருந்தால் தாண்டிக் குதிக்க எதுவும் இல்லை. ஆகவே ‘ஹூ கேம்?’ போதும். இன்னொன்று ‘டூ யூ கேன் ஸ்விம்?’. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், உட், மஸ்ட் ஆகிய ஒன்பதும் மோடல்கள். இவற்றுக்கு ‘டூ’ வேண்டாம், ‘எஸ்’ சேராது, பின்னால் ‘டு’ வராது. ஒன்பதையும் ஒரே வகுப்பில் பொருளோடு நடத்துவது வீண்வேலை. வடிவம் மட்டும் ஒரே விதி என்பதால் அதை ஒரேயடியாகச் சொல்லிவிடலாம்.

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை

மூன்று காலம், நான்கு வகை, மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. சுவரில் ஒட்ட அழகான அட்டவணைதான். மொழியியல் பார்வையில் ஆங்கில வினைச்சொல் உருமாற்றத்தால் காட்டும் டென்ஸ் இரண்டே: பிரசென்ட், பாஸ்ட். எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது. ‘வில்’, ‘கோயிங் டு’, ‘ஐ ஆம் மீட்டிங் ஹர் டுமாரோ’, ‘த டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்று பல வழிகளில் அதைச் சொல்லிக்கொள்கிறது. மாணவரிடம் இதை அறிவிக்கத் தேவையில்லை. ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘லீவ்ஸ் பிரசென்ட் டென்ஸ் ஆச்சே, நாளைக்கு எப்படி?’ என்ற நியாயமான கேள்விக்கு ‘அது எக்ஸப்ஷன்’ என்று மழுப்ப நேரும்.

டென்ஸ், நிகழ்ச்சி எப்போது என்று காட்டுகிறது. ஆஸ்பெக்ட், அதே நிகழ்ச்சியை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்று காட்டுகிறது: நடந்துகொண்டிருப்பதாகவா, நடந்ததன் தொடர்பு இப்போதும் இருப்பதாகவா. தமிழில் இதெல்லாம் இருக்கிறது. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’, ‘படித்திருக்கிறேன்’, ‘படித்துவிட்டேன்’ எல்லாம் ஆஸ்பெக்ட்தான். ஆகவே கருத்து புதிதில்லை. எல்லைக்கோடு வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

‘வருகிறேன்’ என்ற ஒரே சொல் ‘ஐ கம்’, ‘ஐ ஆம் கமிங்’ இரண்டுக்கும் ஆகிவரும். ‘கிறேன் வந்தால் ஐஎன்ஜி’ என்று சொல்லிக்கொடுத்த வகுப்பிலிருந்துதான் ‘ஐ ஆம் கமிங் பை பஸ் டெய்லி’ வருகிறது, ‘ஐ ஆம் நாட் நோயிங்’ வருகிறது. இங்கே உதவும் சொல் ஸ்டேட்டிவ் வெர்ப்: நோ, அண்டர்ஸ்டாண்ட், பிலீவ், பிலாங், நீட் போல நிலையைச் சொல்லும் வினைகள். அறிதல் என்பது நடுவில் நிறுத்திப் படம் பிடிக்கக்கூடிய செயல் இல்லை என்று சொன்னால் புரியும். ‘ஹேவ்’ போன்ற சில வினைகள் இரண்டு பக்கமும் ஆடும். உடைமை என்றால் ‘ஐ ஹேவ் எ கார்’. சாப்பிடுவதைச் சொன்னால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’.

பிரசென்ட் பெர்ஃபெக்டில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ‘மூன்று வருடத்துக்கு முன்னால் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். அப்படியே ஆங்கிலமாக்கினால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் த்ரீ இயர்ஸ் அகோ’. ‘அகோ’, ‘யெஸ்டர்டே’, ‘இன் 2010’ போன்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் வந்தால் ஆங்கிலம் ‘ஹேவ்’வைப் பக்கத்தில் சேர்க்காது. அடுத்தது, ‘பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்’. தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. ‘ஆக’ என்று காலச்சொல்லோடு ஒட்டிவந்து செயல் இன்னும் தொடர்ந்தால் ‘ஹேவ்’ என்று ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கலாம். பெரும்பாலும் ஏமாற்றாது.

புரிந்ததா என்று பார்க்க ‘புரிகிறதா?’ என்று கேட்டால் தலைகள் ஆடும். அதற்கு மேல் ஒன்றும் தெரியவராது. கான்செப்ட் செக்கிங் கொஸ்டின் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்வது இதற்குத்தான். ‘ஷி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதிவிட்டு இரண்டு கேள்வி: இப்போது இங்கே இருக்கிறாளா? எப்போது வந்தாள்? ‘ஹேஸ்’ஸை அழித்துவிட்டு அதே இரண்டு கேள்வியை மறுபடி கேளுங்கள். முதல் வாக்கியத்துக்கு ‘இருக்கிறாள், ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்தாள்’. இரண்டாவதுக்கு ‘இப்போது இல்லை, எப்போது வந்தாள் என்று தெரியாது’. ஒரே ஒரு சொல்லை அழித்ததில் ஆளே வீடு காலிசெய்து போய்விட்டாள் என்பது வகுப்புக்கு உறைக்கும். கேள்வியில் ‘ஹேஸ் ஷி லிவ்ட்’ என்று அதே வடிவத்தைப் போட்டால் சோதனை கெட்டது. எது புரியவில்லையோ அதை வைத்தே கேட்பதாகிவிடும்.

கூடவே ஒன்று. ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரும் மாணவரைத் தப்பு என்று அடக்க வேண்டாம். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகியவற்றோடு சாதாரண பாஸ்ட் வருவது அங்கே இயல்பு.

‘வி ஒன், வி டூ, வி த்ரீ’ என்று வினைகளுக்கு எண் போடும் பழக்கம் எழுத வசதியானது. ஆனால் ‘வி த்ரீ’ என்பதை, அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிளை, மூன்றாவது வகை இறந்தகாலம் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ‘ரிட்டன்’ தனியாகக் காலம் காட்டாது. ‘இஸ் ரிட்டன்’, ‘வில் பீ ரிட்டன்’ என்றும் வரும். ‘ஹி ரிட்டன் எ லெட்டர்’ என்ற தப்பின் ஊற்று இந்த எண்தான்.

ஆர்டிகிள்: நம்மிடம் இல்லாததா?

தமிழில் ஆர்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்கு வராது என்பார்கள். பாதி உண்மை. ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழ் பேசும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் பேச்சில் ஏற்கெனவே வந்த, இன்னது என்று தெரிந்த புத்தகம். ‘ஐ ரெட் எ புக்’, ‘ஐ ரெட் த புக்’. இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபு இங்கே ‘த’வின் வேலையைச் செய்கிறது. அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டும்தான் இது உதவும். மனிதரைச் சொல்லும்போது ‘ஐ’ எப்படியும் வந்துவிடுமே.

சொல்வரிசையும் அப்படித்தான். ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்றால் ‘தேர் இஸ் எ புக் ஆன் த டேபிள்’. ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்றால் ‘த புக் இஸ் ஆன் த டேபிள்’. இந்த இரண்டு ஜோடியையும் போர்டில் எழுதிவிட்டு வித்தியாசத்தை மாணவர்கள் வாயிலிருந்தே வரவழைத்தால், அதற்குப் பிறகு ‘டெஃபனிட்’ என்ற சொல்லுக்கு வரையறையே தேவைப்படாது.

முடிவெடுக்கும் வரிசை முக்கியம். முதல் கேள்வி: எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் ‘த’. ‘த சன்’னும் இதில் அடங்கும், இருப்பது ஒன்றுதான். தெரியாவிட்டால் இரண்டாவது கேள்வி: எண்ணக்கூடியதா, ஒன்றே ஒன்றா? ஆம் என்றால் ‘எ’ அல்லது ‘அன்’. இல்லாவிட்டால் வெறுமனே விடலாம். ‘எ’வா ‘அன்’னா என்பது கடைசி, அற்பக் கேள்வி. பாடநூல்கள் அதில்தான் ஆரம்பிக்கின்றன. அது எழுத்தைப் பொறுத்ததில்லை, ஒலியைப் பொறுத்தது: ‘அன் அவர்’, ‘எ யுனிவர்சிட்டி’. ‘ஒரு மரம், ஓர் ஊர்’ என்று எழுதத் தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

எண்ணக்கூடியதா என்பது பொருளின் குணம் இல்லை, சொல்லின் குணம். ‘தகவல்கள்’, ‘அறிவுரைகள்’ என்று நாம் பன்மையாக்குவதால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ வருகின்றன. ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், லக்கேஜ், நியூஸ் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு சொல்லை மனப்பாடம் செய்துவிட்டாலே பெரும்பாலான தப்பு அடங்கிவிடும். கூடவே ஒரு கறார் விதி: எண்ணக்கூடிய ஒருமைச் சொல் பொதுவாக வெறுமனே நிற்காது. ‘ஐ பாட் பென்’ என்பதில் ‘எ’, ‘த’, ‘மை’, ‘திஸ்’ எதுவோ ஒன்று கட்டாயம் வேண்டும். ‘பை பஸ்’, ‘அட் ஹோம்’ போன்ற நிலைத்த தொடர்கள் இதற்குக் கட்டுப்படாது. ‘எ’, ‘த’, ‘மை’, ‘திஸ்’ எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் டிட்டர்மினர். ‘எ மை ஃப்ரெண்ட்’ எழுதும் மாணவருக்கு இந்தச் சொல் உதவும்: ஒரு பெயர்ச்சொல்லுக்கு இவற்றில் ஒன்றுதான்.

பயிற்சி என்று கோடிட்ட இடம் நிரப்பச் சொல்வதில் பயனில்லை. கோடே ‘இங்கே ஒன்று வேண்டும்’ என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. நூறு நூற்றிருபது சொல் கொண்ட ஒரு பத்தியை எடுத்து, எல்லா ஆர்டிகிளையும் நீக்கி, இடைவெளி தெரியாமல் மறுபடி தட்டச்சு செய்து கொடுங்கள். எங்கே வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

சில்லறை விஷயங்கள்

பிரிப்போசிஷனுக்கு விதி தேடி மெனக்கெட வேண்டாம். இடம், நேரம் தவிர மற்றதெல்லாம் கொலக்கேஷன், அதாவது எந்தச் சொல்லோடு எது சேர்ந்துவரும் என்ற பழக்கம். ‘டிபெண்ட் ஆன்’ என்றே ஒரு சொல்லாக எழுதிவைக்க வேண்டும். டிரான்சிட்டிவ் என்ற சொல் மட்டும் இங்கே கைகொடுக்கும். ‘பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ வருகிறது. ‘டிஸ்கஸ்’ ஆப்ஜெக்டை நேரடியாக ஏற்கும். வினையோடு ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து ஒரே வினையாக நிற்கும் ஃப்ரேசல் வெர்பில் தெரிய வேண்டிய முக்கியமான விதி: பிரிக்கக்கூடியதாக இருந்தால் பிரதிப்பெயர் நடுவில்தான் வரும். ‘டர்ன் இட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாது.

ரிலேட்டிவ் கிளாஸ் என்பதைப் பெயரெச்சத்தோடு சேர்த்துக் காட்டினால் பாடம் சீக்கிரம் முடியும். ‘நேற்று வந்த பையன்’ என்பது ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ ஆகும்போது வரிசை முழுவதும் புரண்டுபடுகிறது. பெயரெச்சம் காட்டாத ‘ஹூ’வை ஆங்கிலம் கேட்கிறது. ‘ஐஎன்ஜி’ சேர்ந்து பெயர்போல நிற்கும் ஜெரண்டுக்குத் தொழிற்பெயர் அழகாகப் பொருந்தும்.

ஒலி

எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு உச்சரிப்பை விட்டுவிடுவது பரவலான குறை. தமிழில் சொந்தச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம்தான் ‘புக்கு’, ‘பஸ்ஸு’, ‘கப்பு’. மாணவரின் நாக்கு தடிக்கவில்லை, தமிழ் இலக்கணத்தைக் கடைப்பிடிக்கிறது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். உதட்டை மூடியபடியே ‘கப்’பை முடிக்கச் சொல்லுங்கள். உகரம் வர வழியே இருக்காது.

‘ஈடி’க்கு மூன்று ஒலி. வினை ‘ட்’ ஒலியில் முடிந்தால் (‘வான்ட்’, ‘நீட்’) தனி சிலபிளாக, அதாவது தனி அசையாக, ‘இட்’ வரும். மற்ற இடங்களில் சிலபிள் கூடாது. ‘வாக்ட்’ ஒரே சிலபிள், ‘வாக்கெட்’ கிடையாது. அந்த ஒற்றை மெய்யிலும் இரண்டு வகை உண்டு. தொண்டையில் விரலை வைத்து வினையின் கடைசி ஒலியை நீட்டிப்பார்த்தால் ‘கிஸ்’ஸில் அதிர்வு இருக்காது, ‘ஓபன்’னில் இருக்கும், அதிராத ஒலிக்குப் பின் அதிராத ‘ட்’, அதிரும் ஒலிக்குப் பின் அதிரும் ‘ட்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் எழுதிக்காட்டி இதை விளக்க முடியாது. காதும் விரலும்தான் கருவி. சிலபிள் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் மற்றதைப் பெரிதுபடுத்த வேண்டாம். புரிந்துகொள்வதைக் கெடுப்பது கூடுதல் சிலபிளும் தப்பான ஸ்ட்ரெஸ்ஸும்தான். ‘ரெகார்ட்’ பெயராக இருந்தால் முதல் சிலபிளில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாவதில். அழுத்தம் விழாத சிலபிள் பல இடங்களில் மங்கி ஷ்வா என்ற உயிராகிவிடும். ‘டீச்சர்’ரின் கடைசியில் வருவதும், ‘அபவுட்’டின் முதலில் வருவதும் அதுதான். எல்லா உயிரையும் முழுசாக உச்சரிக்கும் நமக்கு ஆங்கிலேயர் பேச்சு ‘விழுங்குவது’ போலக் கேட்பதன் காரணம் இதுவே.

வகுப்பறைச் சொற்கள்

பாடத்தை மூன்று படியாகப் பிரிக்கும் முறையைப் பிபிபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்: பிரசென்டேஷன், பிராக்டிஸ், புரடக்‌ஷன். நாற்பது நிமிட வகுப்பென்றால் விளக்கத்துக்குப் பத்து, கட்டுப்படுத்திய பயிற்சிக்குப் பன்னிரண்டு, மாணவர்களே பேசுவதற்குக் குறைந்தது பதினைந்து என்று திட்டம் போடலாம். நடப்பது வேறு: விளக்கம் முப்பது நிமிடத்தை விழுங்கிவிடும், மூன்றாவது ‘பி’ வீட்டுப்பாடமாகிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது டாஸ்க் வழி. இதில் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவின் பெயர் முக்கியம். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் அவர் நடத்திய பெங்களூர் திட்டத்தில் இலக்கணப் பாடவரிசையே கிடையாது. கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் புதிர் விடுவிப்பதே பாடம். மொழி அதன் போக்கில் வரும் என்பது எதிர்பார்ப்பு. அவர் பிரித்த இன்ஃபர்மேஷன் கேப், ரீசனிங் கேப், ஒபீனியன் கேப் என்ற மூன்று வகையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. முழுக்க ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. ஆனால் இன்ஃபர்மேஷன் கேப், அதாவது ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாத நிலை, இல்லாத ஜோடிப்பயிற்சி நாடக ஒத்திகைதான். இருவர் கையிலும் ஒரே தாள் இருந்தால் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எரர், மிஸ்டேக் என்ற இரண்டையும் மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் பிரித்துக்காட்டினார். கவனப்பிசகால் வருவது மிஸ்டேக். கேட்டால் தானே திருத்திக்கொள்வார். மாணவர் மனத்திலுள்ள விதியே வேறாக இருப்பதால் வருவது எரர். அப்படி மாணவர் தமக்குள் கட்டிவைத்திருக்கும் இடைக்கால மொழியை இன்னொரு மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-இல் இன்டர்லாங்குவேஜ் என்றார். தாய்மொழியும் இல்லாத, ஆங்கிலமும் ஆகாத, ஆனால் தனக்கென்று ஒழுங்குள்ள ஒரு மொழி. ‘டிட் நாட் வென்ட்’ அதன் குடிமகன். மூன்றாம் ஆள் ஒருமை ‘எஸ்’ அதே மொழியில் ரொம்பத் தாமதமாகத்தான் நிலைபெறும். விதி முதல் வருடமே ஒப்பிக்க வந்தாலும் பேச்சில் வர வருடங்கள் ஆகும். 1970-களில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. அதற்காக ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்துவதால் ‘எஸ்’ வருவதில்லை, பேச்சுதான் நிற்கிறது.

திருத்தும் முறை ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். மாணவர், ‘யெஸ்டர்டே ஐ கோ டு த லைப்ரரி’ என்கிறார். ஆசிரியர், ‘ஓ, யூ வென்ட் டு த லைப்ரரி! வாட் புக் டிட் யூ டேக்?’ என்கிறார். மாணவர், ‘ஐ டேக் எ ஸ்டோரி புக்’. இதற்கு ரீகாஸ்ட் என்று பெயர்: சரியான வடிவத்தை இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வது. நாகரிகமானது, பேச்சைக் கெடுக்காது. ஆனால் மாணவர் அதை ‘ஆமாம், கேட்டுக்கொண்டேன்’ என்ற ஆமோதிப்பாகவே எடுத்துக்கொண்டார். ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட கனடா வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ரீகாஸ்ட்தான். அதைக் கேட்ட பிறகு மாணவர் திருத்திச் சொல்வது அதில்தான் மிகக் குறைவு. அதே இடத்தில் ஆசிரியர் ‘யெஸ்டர்டே ஐ…?’ என்று இழுத்து நிறுத்தி மனத்துக்குள் ஐந்து எண்ணினால் மாணவரிடமிருந்து ‘வென்ட்’ வரும். இது எலிசிட்டேஷன். வந்தால் அது மிஸ்டேக். வராவிட்டால் எரர்; பிறகு தனியாகப் பாடம் வேண்டும். ஒரே உத்தி திருத்தவும் செய்கிறது, நோயையும் கண்டுபிடிக்கிறது. எண்ணி முடிப்பதற்குள் பக்கத்து மாணவர் விடை சொல்லிவிடுவார் என்பதுதான் தொல்லை. கையைக் காட்டி அவரைத் தடுத்தாக வேண்டும்.

மாணவர்கள் சரளமாகப் பேசும் பயிற்சியில் இருக்கும்போது எலிசிட்டேஷனும் கூடாது. ஒரு தாளில் கேட்டதைக் கேட்டபடி குறித்துக்கொண்டு, முடிந்ததும் நான்கைந்து வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று சரியான வாக்கியமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவார்கள்.

எழுத்துப் பணியில் சிவப்பு மையால் எல்லாவற்றையும் எழுதித் திருத்துவது ஆசிரியருக்குத்தான் பயிற்சி. ஓரத்தில் குறி மட்டும் போடலாம்: டென்ஸுக்கு ‘டி’, ஆர்டிகிளுக்கு ‘ஏ’, சொல்வரிசைக்கு ‘டபிள்யூஓ’, சொல் விடுபட்ட இடத்தில் ஒரு கூம்புக்குறி. ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைத் தப்பு மட்டும், எவை என்பதை மேலே எழுதிவிட்டு. நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் வகுப்பிலேயே ஏழெட்டு நிமிடம் ஒதுக்கித் திருத்தவைக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள் என்று சொன்ன நோட்டு அடுத்த கட்டுரை எழுதும்போதுதான் திறக்கப்படும்.